சில்லின் இலக்கணம்: யு.எஸ்.பி. வைஃபை அடாப்டரும் அதன் இயக்கியும் கடந்து வந்த வரலாறு

(சற்றே நீண்ட பதிவு. கணினியியல் பயிலாதோரும் வாசிக்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.)

2024 பிப்ரவரியில் என் மடிக்கணினியின் உள்ளமைந்த வைஃபை அட்டை செயலிழந்தது. புதிய கணினி வாங்க உதவித்தொகை இடங்கொடாததால், டெல்லி நேரு பிளேஸ் சந்தையில் நிறுவனப் பெயர் ஏதும் பொறிக்கப்படாத யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்றை வாங்கி வந்தேன். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் அனைத்திலும் இயங்கும் என்று உறையின்மேல் அச்சிட்டிருந்தார்கள். விடுதி அறையில், டெபியன் 12 நிறுவப்பட்ட கணினியில் அதைச் செருகினேன். திரையில் தோன்றியது குறுவட்டின் சின்னம். இணையம் தரவேண்டிய சாதனம் தன்னை ஒரு குறுவட்டு இயக்ககம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டது.

முதலில் பழுதென்றே எண்ணினேன். ஆனால் அது திட்டமிட்ட ஏற்பாடு. அந்தச் சிறு பொருள் விண்டோஸுக்கான இயக்கியைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. முதன்முறை செருகும்போது குறுவட்டாக வேடம் பூண்டு அந்த இயக்கியை நிறுவச் செய்கிறது. அதன் பின்னரே வேடத்தைக் களைந்து வைஃபை அடாப்டராக மாறுகிறது. விண்டோஸ் அல்லாத கணினியில் அதன் வேடத்தைக் களைய யு.எஸ்.பி. மோட்சுவிட்ச் என்ற தனிக் கருவி வேண்டும். களைந்த பிறகும் என் கணினி அதனை அடையாளம் கண்டதே தவிர, பயன்படுத்த அறியவில்லை. ஏன் என்ற கேள்வியைப் பின்தொடர்ந்தபோது நான் சென்றடைந்தது மின்னணுவியலை அன்று; ஏறத்தாழ இருபதாண்டுகள் நீண்ட ஒரு வழக்கின் வரலாற்றை. ஒரு பொருளை விலைகொடுத்து வாங்கியவருக்கு, அதனோடு பேசும் முறையை அறியும் உரிமை உண்டா என்பதே அந்த வழக்கு.

1. பொதுமொழியும் தனிமொழியும்

யு.எஸ்.பி.யின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அம்முயற்சியை முன்னெடுத்தவர்களுள் முதன்மையானவரான அஜய் பட், பரோடாவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அச்சுப்பொறிக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று, விசைப்பலகைக்கு ஒன்று என வெவ்வேறு வடிவத் துளைகள் நிரம்பியிருந்த கணினியின் பின்புறத்தை ஒரே வகைத் துளையாக ஆக்குவது நோக்கம். 2000 ஏப்ரலில் வந்த 2.0 வரையறை, வேகத்தை நொடிக்கு 12 மெகாபிட்டிலிருந்து 480 மெகாபிட்டாக உயர்த்தியது. வைஃபை கருவிகள் இந்தத் துளைக்குக் குடிபெயர அதுவே வழிவகுத்தது.

யு.எஸ்.பி. சாதனம் ஒவ்வொன்றும் செருகப்பட்டவுடன் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரிப்பாளர் எண். மற்றொன்று பொருள் எண். லினக்ஸில் எல்.எஸ்.யு.எஸ்.பி. என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டும் தெரியும். என் அடாப்டர் வேடத்தோடு இருந்தபோது காட்டிய எண் 0பிடிஏ:1ஏ2பி. வேடம் களைந்தபின் 0பிடிஏ:சி811. முதற்பகுதி தைவானின் ரியல்டெக் நிறுவனத்தைக் குறிக்கிறது. இரண்டாம் பகுதி, உள்ளிருக்கும் சில்லு ஆர்.டி.எல்.8811சி.யு. என்று சொல்கிறது. உறையில் எங்கும் அச்சிடப்படாத உண்மைப்பெயர் இதுதான்.

இவ்விரு எண்களோடு, தான் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதையும் சாதனம் அறிவிக்கலாம். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் ஒரு பொது வகுப்பு உண்டு. பென்டிரைவுக்கு ஒன்று உண்டு. ஆகவேதான் எந்த நிறுவனத்தின் பென்டிரைவைச் செருகினாலும் அது உடனே திறக்கிறது. அவை அனைத்தும் ஒரே பொதுமொழியைப் பேசுகின்றன. வைஃபைக்கு அப்படியொரு பொது வகுப்பு யு.எஸ்.பி.யில் நிலைபெறவில்லை. வானில் செல்லும் அலைக்கு உலகப் பொது வரையறை இருக்கிறது; சில்லுக்கும் கணினிக்கும் இடையிலான உரையாடலோ அந்தந்தச் சில்லின் தனிமொழி. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் அலைவரிசை மாறும், எதை எழுதினால் ஆற்றல் கூடும் என்பதெல்லாம் சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஒரே அலைவரிசையில் ஒரே தரவை அனுப்பும் இரண்டு அடாப்டர்களுக்கு முற்றிலும் வேறான இரண்டு இயக்கிகள் தேவைப்படுவது இதனால்தான்.

அன்று எனக்கு உதவியது கைப்பேசி. அதனை யு.எஸ்.பி. வடத்தால் இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்தபோது எந்த இயக்கியும் நிறுவாமலேயே வேலை செய்தது. கைப்பேசி தன்னைக் கம்பிவழி வலையமைப்புச் சாதனமாகவே காட்டிக்கொள்கிறது; அதற்கான பொது இயக்கி கெர்னலில் ஏற்கெனவே இருக்கிறது. வைஃபை வேலையை அது தன்னுள்ளேயே முடித்துக்கொண்டு, நமக்குப் பொதுமொழியில் விடை தருகிறது. இயக்கி தேடுவதற்கு இணையம் வேண்டும், இணையத்துக்கு இயக்கி வேண்டும் என்ற சிக்கலில் அகப்பட்டோர் இவ்வழியைக் குறித்துக்கொள்ளலாம்.

சொல் பற்றி ஒரு குறிப்பு. டிரைவர் என்பதற்குத் தமிழில் ‘இயக்கி’ நிலைபெற்றுவிட்டது. பழந்தமிழில் இயக்கி என்பது யட்சியைக் குறித்த சொல். கண்ணுக்குப் புலப்படாமல் ஒன்றைக் காத்து நிற்பது என்ற அளவில், பழம்பொருளும் இங்கே பொருந்தத்தான் செய்கிறது.

2. வானலையும் சட்டமும்

அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985 மே மாதத்தில் சில அலைவரிசைகளில் பரவல் அலைமுறைக் கருவிகளை உரிமமின்றிப் பயன்படுத்த இசைந்தது. நுண்ணலை அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அவற்றுள் ஒன்று. 802.11 என்ற முதல் வரையறை 1997-இல் வந்தபோது வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் மட்டுமே. 1999-இல் வந்த 802.11பி அதை 11 மெகாபிட்டாக உயர்த்தியது. 2003-இல் வந்த 802.11ஜி 54 மெகாபிட்டை எட்டியது.

இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், கம்பியில்லாக் கருவியை உரிமமின்றி உடைமையாக வைத்திருப்பதையே குற்றமாக்கியிருந்தது. பயன்படுத்துவது இருக்கட்டும், வைத்திருப்பதற்கே அரசின் இசைவு வேண்டும். 2005 ஜனவரியில் வெளியான விதிகள், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்களித்தன. நாம் இன்று ஒரு பொட்டலத்தைப் பிரித்து அடாப்டரைச் செருகுவது அந்த விலக்கின் நிழலில்தான்.

சட்டத்தை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றலுடன் ஒலிபரப்புவது என்பதை வைஃபை சில்லில் பெருமளவு மென்பொருளே முடிவுசெய்கிறது. ‘பதிவக விவரங்களை வெளியிட்டால் யாரேனும் வரம்பு மீறி ஒலிபரப்புவார்கள், பழி எங்கள்மேல் விழும்’ என்று நிறுவனங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. அதில் ஓரளவு உண்மை உண்டு. 2016-இல் திசைவிகளின் ஆற்றல் வரம்பு தொடர்பாக அமெரிக்க ஆணையத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் டிபி-லிங்க் நிறுவனம் 2 லட்சம் டாலர் செலுத்தியது. ஆனால் அதே உடன்பாட்டில், பிறர் எழுதும் மென்பொருளைத் தன் திசைவிகளில் நிறுவ வழிசெய்வதாகவும் அந்நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஒழுங்குமுறையும் திறந்த நிரலும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வணிக மறைபொருளும் காப்புரிமை அச்சமும் அந்த வாதத்தின் பின்னால் எப்போதும் நின்றன.

3. மொழிபெயர்ப்பாளர்

2003 மார்ச்சில் இன்டெல் தன் சென்ட்ரினோ தொகுப்பை அறிமுகப்படுத்தியது. வைஃபை இல்லாத மடிக்கணினி பழையது என்ற எண்ணம் அதன்பின் விரைவில் வேரூன்றியது. லினக்ஸ் பயனருக்கோ அது சோதனைக்காலம். இன்டெல்லின் லினக்ஸ் இயக்கி 2004-இல்தான் வந்தது. பல கணினிகளில் இருந்த பிராட்காம் சில்லுக்கு மடிக்கணினியில் பயன்படுத்தத்தக்க லினக்ஸ் இயக்கியும் இல்லை, ஆவணமும் இல்லை.

அச்சூழலில் 2003-இல் பிறந்ததுதான் என்.டி.ஐ.எஸ்.ரேப்பர். பொன்டஸ் ஃபுக்ஸ், கிரிதர் பெம்மசானி ஆகிய இருவரின் பெயரோடு அறியப்படுவது. அதன் உத்தி வியப்புக்குரியது. விண்டோஸ் வலையமைப்பு இயக்கிகள் அனைத்தும் என்.டி.ஐ.எஸ். என்ற ஒரே இடைமுகத்தின் வழியாகத்தான் விண்டோஸின் உட்பகுதியோடு பேசும். அந்த இடைமுகத்தை லினக்ஸ் கெர்னலுக்குள் போலச்செய்துவிட்டால், விண்டோஸுக்கென எழுதப்பட்ட இயக்கியை அப்படியே ஏற்றி இயக்கிவிடலாம். இயக்கியைப் பொறுத்தவரை தான் விண்டோஸில்தான் ஓடுகிறோம் என்றே அது நம்பிக்கொண்டிருக்கும். ஃபிரீபி.எஸ்.டி.யில் பில் பால் இதே உத்தியைத் தனியாகக் கையாண்டார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘புராஜெக்ட் ஈவில்’. தாம் செய்வது தேவையான தீமை என்ற தன்னுணர்வு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

குறுவட்டிலிருந்து ஐ.என்.எஃப். கோப்பையும் எஸ்.ஒய்.எஸ். கோப்பையும் பிரித்தெடுத்து என்.டி.ஐ.எஸ்.ரேப்பரிடம் ஒப்படைப்பது அக்கால லினக்ஸ் பயனரின் முதற்பாடம். ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு அது இணையம் தந்தது. ஆனால் நிறுவனங்களுக்கு ஒரு சாக்கையும் தந்தது: விண்டோஸ் இயக்கியே போதுமென்றால் லினக்ஸ் இயக்கி எதற்கு? கெர்னல் எழுதுவோரிடையே இது நீண்ட பூசலாயிற்று. என்.டி.ஐ.எஸ்.ரேப்பர் தன்னளவில் கட்டற்ற மென்பொருள். அது சுமந்து வருவதோ மூடிய நிரல். ஆகவே அதன் பெயரை மட்டும் தனியே குறிப்பிட்டு, அது ஏற்றப்பட்டால் கெர்னல் ‘கறைபட்டது’ எனப் பதிவுசெய்யும் வரிகள் கெர்னலின் மூலநிரலிலேயே சேர்க்கப்பட்டன.

மொழிபெயர்ப்பாளர் இருக்கும்வரை உரையாடல் நடக்கும், மொழி கற்கப்படாது. அந்த மொழியைக் கற்றே தீருவது என்று வேறு சிலர் முனைந்தார்கள்.

4. இலக்கணம் எழுதியவர்கள்

முதுகலையில் மொழியியல் பயின்றபோது, இருமொழியாளர் துணையின்றி ஒரு மொழியைக் களத்தில் பதிவுசெய்வது எப்படி என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு சொல்லைக் கேள். அதனால் என்ன நிகழ்கிறது என்று பார். சூழலை மாற்றி மறுபடியும் கேள். பிராட்காம் சில்லின் வரலாற்றை வாசித்தபோது அந்த வகுப்பறையே நினைவுக்கு வந்தது.

லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற திசைவிக்குள் லினக்ஸ் இருப்பது 2003-இல் தெரியவந்தது. ஜி.பி.எல். உரிமத்தின்படி மூலநிரலை வெளியிடும் கடமை எழுந்தது, நிறுவனம் வெளியிட்டது. 2004-இல் ஓபன்டபிள்யூ.ஆர்.டி. திட்டம் பிறந்தது அந்த வெளியீட்டிலிருந்துதான். வைஃபை இயக்கி மட்டும் மூலநிரலாக வரவில்லை; இருமக் கோப்பாகவே இருந்தது. ஆனால் அது லினக்ஸுக்கென எழுதப்பட்ட இருமக் கோப்பு. அதனைப் பிரித்துப் படித்துத்தான் சில்லின் இலக்கணம் மீட்கப்பட்டது.

மீட்ட முறை கவனத்திற்குரியது. பதிப்புரிமைச் சிக்கல் எழாதிருக்க, பணி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குழு இருமக் கோப்பைப் பிரித்துப் படித்து, சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை விளக்க ஆவணமாக எழுதும், நிரல் எழுதாது. மறுகுழு அந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு இயக்கியை எழுதும். மூலக்கோப்பைக் கண்ணாலும் பார்க்காது. ஒருவர் இலக்கணம் எழுத, அம்மொழி பேசுவோரை ஒருமுறையும் சந்திக்காத இன்னொருவர் அந்த இலக்கணத்தை மட்டும் கொண்டு பேசிக் காட்டுவதைப் போன்றது இது. அவர் பேச்சைச் சில்லு புரிந்துகொண்டால் இலக்கணம் சரி. மொழியியலர்களாகிய நாம் எழுதும் இலக்கணங்களில் எத்தனை இந்தச் சோதனையைத் தாங்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இவ்வாறு உருவான பி.சி.எம்.43எக்ஸ்எக்ஸ் இயக்கி 2006-இல் கெர்னலின் 2.6.17 பதிப்பில் சேர்ந்தது. ஆதரோஸ் சில்லுகளிலும் இத்தகைய வரலாறு உண்டு. மேட்வைஃபை என்ற இயக்கியின் பெரும்பகுதி திறந்திருந்தது. வன்பொருளைத் தொடும் அடுக்கு மட்டும் இருமமாகப் பூட்டப்பட்டிருந்தது. ஓபன்பி.எஸ்.டி.யின் ரெய்க் ஃப்ளோட்டர் அந்த அடுக்குக்குத் திறந்த மாற்றொன்றை எழுதினார். பின்னாளில் லினக்ஸின் ஏ.டி.எச்.5கே இயக்கி அதன்மேல் எழுந்தது.

ஓபன்பி.எஸ்.டி.யின் தலைவர் தியோ டி ராட், கமுக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஆவணம் பெறுவதையே மறுத்தார். ஒப்பந்தத்தின்கீழ் ஒருவர் எழுதிய இயக்கியை அவருக்குப்பின் வேறொருவர் திருத்த முடியாது என்பது அவர் வாதம். அறிவு ஆளோடு போய்விடும். தைவானின் ராலிங்க் போன்ற நிறுவனங்கள் அவர் கோரிக்கைக்கு இணங்கின. பெரிய அமெரிக்க நிறுவனங்கள் தயங்கின. 2004-ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

5. மனம் மாறிய ஆண்டுகள்

2006 முதல் 2010 வரையிலான காலத்தை இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம். அதுவரை ஒவ்வோர் இயக்கியும் 802.11 நெறிமுறையின் பொதுப்பணிகளைத் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தது. டிவைஸ்கேப் நிறுவனம் தன் நிரலை 2006-இல் கொடையாக அளித்தது. அது மேக்80211 என்ற பெயரில் 2007-இல் கெர்னலின் 2.6.22 பதிப்பில் இடம்பெற்றது. பொதுப்பணி ஓரிடத்தில் திரண்டதால், இயக்கி எழுதுவோர் சில்லுக்கே உரிய பகுதியை மட்டும் எழுதினால் போதும் என்றாயிற்று. 2007 ஜனவரியில் கிரெக் குரோ-ஹார்ட்மன், ஆவணம் தரும் எந்த நிறுவனத்துக்கும் இயக்கியை இலவசமாக எழுதித் தருவதாக அறிவித்தார். ஆதரோஸ் 2008-இல் ஏ.டி.எச்.9கே இயக்கியைத் தானே வெளியிட்டது. அதிகம் பழிக்கப்பட்ட பிராட்காமும் 2010 செப்டம்பரில் தன் புதிய சில்லுகளுக்கான மூலநிரலை வெளியிட்டது.

6. யு.எஸ்.பி. அடாப்டரின் ஏழ்மை

இந்த நல்ல மாற்றம் மடிக்கணினிக்குள் பொருத்தப்படும் அட்டைகளுக்கு முதலில் கிட்டியது. விலை மலிந்த யு.எஸ்.பி. அடாப்டர்கள் பின்தங்கின. காரணம் பெரும்பாலும் சந்தையின் இயல்பே. அடாப்டரை விற்பவர் ஒருவர். சில்லைச் செய்பவர் வேறொருவர். விற்பவர் எந்த ஆண்டு எந்தச் சில்லு மலிவோ அதை உள்ளே வைப்பார். உறையின் பெயரை மாற்றமாட்டார். டிபி-லிங்க்கின் டி.எல்.-டபிள்யூ.என்.722என் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. அதன் முதற்பதிப்பில் இருந்தது ஆதரோஸின் ஏ.ஆர்.9271, கெர்னலிலேயே நல்ல இயக்கி உள்ள சில்லு. இரண்டாம் பதிப்பு முதல் ரியல்டெக் சில்லு. பெயரை நம்பி வாங்கியவர்கள் வேறொரு பொருளோடு வீடு திரும்பினார்கள்.

சில்லு நிறுவனங்கள் லினக்ஸை முற்றாகப் புறக்கணித்ததாகவும் சொல்ல முடியாது. ரியல்டெக் தன் வாடிக்கையாளர்களுக்கு மூலநிரலைத் தந்துதான் வந்தது. ஆனால் அது பல இயங்குதளங்களுக்கும் ஒன்றாக எழுதப்பட்ட பெரும் நிரற்குவியல். மேக்80211 செய்யும் பொதுப்பணிகளையும் தானே செய்துகொள்வது. கெர்னலுக்குள் ஏற்கத்தக்க வடிவம் அதற்கு இல்லை. கெர்னலுக்கு வெளியே நிற்கும் இயக்கிக்கு ஒரு தீராத் தொல்லை உண்டு. லினக்ஸ் தன் உள் இடைமுகங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும். உள்ளிருக்கும் இயக்கிகளை மாற்றுபவரே திருத்திவிடுவார். வெளியிலிருப்பவற்றைத் திருத்த ஆளில்லை. கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் இயக்கியைத் தானே மறுபடி தொகுக்கும் டி.கே.எம்.எஸ். என்ற கருவியை டெல் நிறுவனம் உருவாக்கியது இதற்காகத்தான். தொகுக்கும் வேலையை அது எளிதாக்கும். இடைமுகமே மாறிவிட்டால் அதனாலும் பயனில்லை.

இந்த வெளிநிரல்களைத் திருத்திக் காத்துவந்தவர்களுள் ஒருவர் லாரி ஃபிங்கர். 2005 வாக்கில் பிராட்காம் இயக்கிப் பணியில் இணைந்து, பின்னர் ரியல்டெக் இயக்கிகளை ஏறத்தாழத் தனியொருவராகச் சுமந்தவர். தொழிலால் கணினியாளர் அல்லர். கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வகத்தில் படிகவியல் ஆய்வாளராக இருந்தவர். ஃபிங்கரைட் என்ற கனிமம் அவர் பெயரைத் தாங்கியது. ஓய்வுக்காலத்தில் மேற்கொண்ட பணி இது. 2024 ஜூனில் மறைந்தார். உலகெங்கும் மலிவு விலை அடாப்டர் வாங்கிய மாணவர்கள் எண்ணற்றோர், பெயரறியாமலே அவருக்குக் கடன்பட்டவர்கள். நானும் அவர்களுள் ஒருவன்.

7. நிலைபொருள் என்னும் எச்சம்

இயக்கி திறந்துவிட்டால் எல்லாம் திறந்துவிட்டது என்று பொருளன்று. சில்லுக்குள் ஒரு சிறு கணினியே இருக்கிறது. அதில் ஓடுவது நிலைபொருள். முன்பு அது சில்லின் நினைவகத்திலேயே பொறிக்கப்பட்டிருந்தது. செலவைக் குறைக்க, கணினி தொடங்கும்போது ஒவ்வொரு முறையும் இயக்கி அதனை ஏற்றும்படி மாற்றினார்கள். அதன் பின்னர்தான் அது ஒரு கோப்பாகக் கண்ணில் பட்டது. உரிமச் சிக்கலும் பிறந்தது. டெபியன் அதனைக் கட்டற்ற மென்பொருள் அல்ல என்று தன் நிறுவியிலிருந்து விலக்கி வைத்திருந்தது. வைஃபை மட்டுமே உள்ள கணினியில் டெபியன் நிறுவ முயன்றவர்கள் பாதிவழியில் நின்றது அதனால்தான். 2022-இல் நடந்த பொது வாக்கெடுப்பில் அந்நிலைப்பாடு மாறியது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இன் நிறுவியில் நிலைபொருள் சேர்க்கப்பட்டது. ஏ.ஆர்.9271 சில்லுக்கோ நிலைபொருளின் மூலநிரலே 2013-இல் வெளியானது. யு.எஸ்.பி. வைஃபையில் இது அரிய விதிவிலக்கு.

8. மீண்டும் விடுதி அறைக்கு

அன்று நான் செய்தது பலரும் செய்வதுதான். கைப்பேசி இணையத்தின் துணையோடு, கெர்னலுக்கு வெளியே யாரோ காத்துவரும் இயக்கியைத் தரவிறக்கி, என் கையாலேயே தொகுத்து நிறுவினேன். வேலை செய்தது, பெருமையாகவும் இருந்தது. மூன்று வாரம் கழித்து, முனைவர் பட்டக் குழுவின் முன் இணையவழியில் என் இயலைச் சமர்ப்பிக்கவேண்டிய காலையில் அடாப்டர் மௌனமானது. முதல்நாள் இரவு நான் ஏற்ற பாதுகாப்புப் புதுப்பிப்பு கெர்னலை மாற்றியிருந்தது. என் இயக்கி பழைய கெர்னலோடு நின்றுவிட்டது. டி.கே.எம்.எஸ். வழியே நிறுவாதது என் பிழை. கைப்பேசியைப் புத்தகத்தின்மேல் சாய்த்துவைத்து, படவில்லைகள் ஏதுமின்றிப் பேசி முடித்தேன்.

அன்று மாலைதான் வரலாற்றை நிதானமாக வாசித்தேன். என் சில்லுக்கு உரிய இயக்கி கெர்னலுக்குள்ளேயே இருந்தது. ஆர்.டி.டபிள்யூ.88 என்ற இயக்கிக்கு யு.எஸ்.பி. ஆதரவைப் பெங்குட்ரோனிக்ஸ் நிறுவனத்தின் சாஷா ஹவர் எழுதிச் சேர்த்திருந்தார். அது இடம்பெற்றது 2023 பிப்ரவரியில் வந்த 6.2 பதிப்பில். டெபியன் 12-இல் இருப்பது 6.1. நிலைபொருள் என் கணினியில் இருந்தது. அதை ஏற்றத் தெரிந்த இயக்கி ஒரே ஒரு பதிப்பு தள்ளி நின்றது. டெபியனின் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கெர்னலை நிறுவி, கையால் தொகுத்ததை நீக்கிவிட்டு, கணினியை மறுபடி தொடங்கினேன். அன்று முதல் அடாப்டர் ஓடுகிறது.

ஆகவே இந்நிலையில் இருப்போருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் எல்.எஸ்.யு.எஸ்.பி. காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிலிருந்து சில்லின் பெயரைக் கண்டறியுங்கள். அதன் இயக்கி எந்தக் கெர்னல் பதிப்பிலிருந்து இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் பதிப்பு பழையதெனில் கெர்னலைப் புதுப்பிப்பதே முதல் வழி. நிலைபொருள் தொகுப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். வெளி இயக்கியை நாடுவது இவை எதுவும் கைகொடாதபோது மட்டும், அப்போதும் டி.கே.எம்.எஸ். வழியே.

துறைகளுக்கும் ஆய்வகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோம் என்று தீர்மானம் போடுகிறோம். ஆனால் கொள்முதல் ஆவணத்தில் ‘வைஃபை அடாப்டர், 20 எண்ணிக்கை’ என்று மட்டும் எழுதுகிறோம். சில்லின் பெயரைக் கேட்பதில்லை. மிகக் குறைந்த விலை சொன்னவரிடமிருந்து வந்துசேரும் 20 அடாப்டர்களும் அலமாரியில் உறங்க, ‘லினக்ஸ் சரிவராது’ என்ற முடிவு மட்டும் நிலைத்துவிடுகிறது. சரிவராதது லினக்ஸ் அன்று. ஒரு வரி விடுபட்ட கொள்முதல் ஆவணம்.

கணினித் திரையில் ‘இணைக்கப்பட்டது’ என்ற சொல் தோன்றுவதற்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள். மறைக்கப்பட்ட இலக்கணத்தை மீட்டு எழுதியவர்கள், கமுக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்தவர்கள், ஓய்வுக்காலத்தை அந்நியரின் அடாப்டருக்குச் செலவிட்டவர்கள். ஆய்வேட்டின் நன்றியுரையில் நெறியாளரையும் நூலகரையும் குறிப்பிடுவது நம் மரபு. என் ஆய்வேட்டில் இவர்களுக்கும் ஒரு வரி எழுதுவதென்று முடிவுசெய்திருக்கிறேன்.

பதிப்பு எண்களிலோ ஆண்டுகளிலோ பிழை கண்டோர் சுட்டிக்காட்டினால் நன்றியுடன் திருத்திக்கொள்வேன்.